மூன்று மாநிலங்களைக் கிழித்துப்போன 1925 டொர்னேடோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1925 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் மிசௌரி, இல்லினாய், இண்டியானா ஆகிய மூன்று மாநிலங்கள் வழியாக ஒரு டொர்னேடோ போனது. அமெரிக்க வரலாற்றில் அதிக உயிர்களைக் குடித்த டொர்னேடோ அதுதான். அதைப் பற்றிப் பேச்செடுத்தால் திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இந்தக் கதையைப் பெரும்பாலும் ஊர்ப் பெயர்களாக அடுக்கிச் சொல்லிவிடுகிறார்கள். ஊர்களுக்கு நடுவே இருந்த பண்ணைகள் கணக்கில் விட்டுப்போகின்றன. அதனால் அந்தப் பகுதிக்குக் கொஞ்சம் கூடுதலாக இடம் கொடுத்திருக்கிறேன்.

டொர்னேடோன்னா நம்ம ஊர் புயல் மாதிரிதானே?

இல்லை. நமக்குத் தெரிந்த புயல் கடலில் உருவாகிறது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம் இருக்கும், நாள்கணக்கில் நீடிக்கும். எங்கே கரையைக் கடக்கும் என்று இரண்டு மூன்று நாள் முன்னாலேயே பேச ஆரம்பித்துவிடுவார்கள். டொர்னேடோ ஒற்றை இடிமேகத்தின் அடியிலிருந்து தரையைத் தொடும் சுழற்காற்று. பெரும்பாலானவை சில நூறு மீட்டர் அகலம்கூட இருக்காது. சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

ஆனால் அந்தக் குறுகிய இடத்துக்குள் காற்றின் வேகம் பெரிய புயலைக்கூட மிஞ்சிவிடலாம். உச்ச வகையில் மணிக்கு 320 கிலோமீட்டரைத் தாண்டும். ஒரு தெருவில் ஒன்றுமே மிஞ்சாது, அடுத்த தெருவில் துணிக்கொடி அறுந்திருக்காது.

1925-ல என்ன நடந்தது? சுருக்கமா சொல்லுங்க.

புதன்கிழமை மதியம் 1 மணி வாக்கில் மிசௌரியில் எலிங்டன் பக்கத்து மலைக்காட்டில் தொடங்கியது. அன்னாபொலிஸ் என்ற ஊரை ஏறக்குறைய முழுசாக அழித்துவிட்டு வடகிழக்காகப் போய், மிசிசிப்பி ஆற்றைத் தாண்டி, 2:30-க்கு இல்லினாயின் கோரம் ஊருக்குள் நுழைந்தது. அடுத்துச் சில நிமிட இடைவெளிகளில் மர்ஃபிஸ்போரோ, டி சோட்டோ, 3 மணியை ஒட்டி வெஸ்ட் ஃபிராங்க்ஃபர்ட். அப்புறம் பாரிஷ், அதற்குப் பின் முழுக்க முழுக்க விவசாய நிலம். 4 மணி வாக்கில் வபாஷ் ஆற்றைக் கடந்து இண்டியானாவின் கிரிஃபின் ஊரைத் தரைமட்டமாக்கியது. பிரின்ஸ்டனின் ஒரு பகுதியையும் இடித்துவிட்டு, 4:30-க்கு பீட்டர்ஸ்பர்க் அருகே அடங்கியது.

மொத்தம் 352 கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம். சராசரி அகலம் 1.2 கிலோமீட்டர். சராசரியாக மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தது. கோரத்துக்கும் மர்ஃபிஸ்போரோவுக்கும் நடுவே இன்னும் வேகம். இந்த 100 என்பது உள்ளே சுழலும் காற்றின் வேகம் இல்லை, டொர்னேடோ இடம்விட்டு இடம் நகரும் வேகம். இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

எத்தனை பேர் இறந்தாங்க?

பதிவான கணக்கு 695. மிசௌரியில் 11, இல்லினாயில் 613, இண்டியானாவில் 71. காயம்பட்டவர்கள் 2,000-க்கு மேல்.

மர்ஃபிஸ்போரோவில் மட்டும் 234 பேர். ஒரே டொர்னேடோவில் ஓர் அமெரிக்க நகரம் இழந்த உயிர்களில் இதுவே அதிகம். காற்று ஓய்ந்த பிறகு இடிபாடுகளில் தீப்பிடித்துக்கொண்டதும் ஒரு காரணம். சின்ன ஊரான டி சோட்டோவில் 69 பேர் போனார்கள். அவர்களில் 33 பேர் இடிந்த பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள். வேலைநாள் மதியம் இரண்டரை மணிக்குப் பிள்ளைகள் வேறெங்கே இருப்பார்கள்?

வெஸ்ட் ஃபிராங்க்ஃபர்ட் நிலக்கரி ஊர். ஆண்களில் நூற்றுக்கணக்கானவர்கள் அந்த நேரம் பூமிக்கு அடியில் சுரங்கத்தில் இருந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் கரண்ட் போனதுதான். மின்தூக்கி ஓடாததால் அவசர வழியாக ஏறி மேலே வந்து பார்த்தால் வீடுகள் இருந்த வரிசையையே காணோம். அந்த ஊரில் இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

வானிலை இலாகா முன்கூட்டியே சொல்லவே இல்லையா?

சொல்லவில்லை. அன்றைய அறிவிப்பில் மழை வரும், திசை மாறும் பலத்த காற்று அடிக்கும் என்ற அளவில்தான் இருந்தது. டொர்னேடோ என்ற சொல்லே கிடையாது. அந்தச் சொல்லை முன்னறிவிப்பில் பயன்படுத்தக் கூடாது என்று 1880-களிலிருந்தே தடை இருந்தது. ஜனங்கள் பீதியடைவார்கள், டொர்னேடோ செய்யும் சேதத்தைவிட அந்தப் பீதி மோசமாக இருக்கும் என்பது அதிகாரிகளின் வாதம். இத்தனைக்கும் ஜான் பார்க் ஃபின்லி என்ற ராணுவ அதிகாரி 1884-லேயே டொர்னேடோ முன்னறிவிப்பைச் சோதனையாகச் செய்துபார்த்திருந்தார். அந்த முயற்சி நின்றுபோனது.

ராடாரோ செயற்கைக்கோளோ இல்லாத அந்தக் காலத்தில் எந்த ஊரில் எத்தனை மணிக்கு என்று சொல்லியிருக்க முடியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்றைக்கு ஆபத்தான நாள், வானத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள் என்று சொல்லும் பழக்கமாவது இருந்திருக்கலாம். முதல் ஊர் அழிந்ததற்கும் கடைசி ஊர் அழிந்ததற்கும் நடுவே மூன்று மணி நேரத்துக்குமேல் இருந்தது. என் மனதை அதிகம் உறுத்துவது இதுதான். தடை 1938-ல்தான் விலகியது. 1948 மார்ச் 25-ல் ஓக்லஹோமாவின் டிங்கர் விமானப்படைத் தளத்தில் ஃபாபுஷ், மில்லர் என்ற இரு அதிகாரிகள் தங்கள் தளத்துக்கு டொர்னேடோ எச்சரிக்கை கொடுத்தார்கள், அன்றே அது வந்தது. பொதுமக்களுக்கான முன்னறிவிப்பு 1952-ல்தான் தொடங்கியது.

சரி, எச்சரிக்கை இல்லை. கண்ணுக்குத் தெரிஞ்சிருக்குமே, ஓடி ஒளிஞ்சிருக்கலாமே?

தெரியவில்லை என்பதுதான் பரிதாபம். படங்களில் பார்க்கிற தும்பிக்கை வடிவம் இதற்கு இருக்கவில்லை. மேகத்தின் அடி தரைக்கு மிக அருகில் இருந்தது. மழையும் தூசியும் சிதைவுகளும் சேர்ந்து மூடிக்கொண்டன. பிழைத்தவர்களில் பலர் கறுப்பாக உருண்டுவரும் பனிமூட்டம் மாதிரி இருந்தது என்றுதான் சொன்னார்கள். வானத்தைப் பார்த்தே பிழைப்பு நடத்தும் விவசாயிகளே அதை வெறும் மழை என்று எண்ணிக் கையிலிருந்த வேலையைத் தொடர்ந்தார்கள்.

வேகத்தையும் யோசித்துப் பாருங்கள். 1.2 கிலோமீட்டர் அகலமுள்ள ஒன்று மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், ஓர் இடத்தை முக்கால் நிமிடத்துக்குள் கடந்துவிடும். இது மழை இல்லை என்று புரிந்த நொடிக்கும் கூரை பிய்ந்த நொடிக்கும் நடுவே நிலவறைக்கு ஓட அவகாசமே இல்லை.

வயல்வெளிதானே? வீடே இல்லாத இடத்துல என்ன பெரிய சேதம்?

இந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பக்கத்தையே எழுத ஆரம்பித்தேன். பாரிஷ் ஊரைத் தாண்டியபின் வபாஷ் ஆறு வரை பெரிய ஊரே கிடையாது. ஹாமில்டன், வைட் என்ற இரண்டு மாவட்டங்களின் பண்ணைகள்தான். அங்கே மட்டும் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இது நம் ஊர் மாதிரி வீடுகள் கூடி இருக்கும் கிராமம் இல்லை. ஒவ்வொரு குடும்பமும் தன் நிலத்துக்கு நடுவே, அடுத்த வீடு கூப்பிடு தூரத்தில் இல்லாமல் வாழ்ந்த இடம். அப்படித் தனித்தனியாக இருந்த வீடுகளில் இத்தனை உயிர்கள் போயின என்றால் பாதை எவ்வளவு அகலம், எவ்வளவு இடைவிடாதது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆற்றைத் தாண்டி, கிரிஃபினுக்கும் பிரின்ஸ்டனுக்கும் நடுவே இன்னும் சுமார் 85 பண்ணைகள் சிதைந்தன.

பண்ணையில் வீடு மட்டும் போவதில்லை. மரத்தால் கட்டிய பெரிய களஞ்சியம் ஒன்று இருக்கும். குதிரை, மாடு, வைக்கோல், விதைத் தானியம், ஏர், சேணம் எல்லாம் அதற்குள்தான். காற்றுக்கு முதலில் விழுவதும் அதுதான், ஏனென்றால் அகலமான கதவு, உயரமான கூரை, உள்ளே தாங்குவதற்குச் சுவர் கிடையாது. மார்ச் மாதம் உழவு தொடங்கும் நேரம். 1925-ல் அந்தப் பக்கம் பெரும்பாலான உழவு குதிரையை நம்பித்தான் நடந்தது. குதிரை செத்து, விதை நனைந்து, கலப்பை எங்கோ போய்விட்டால் அந்த வருட மகசூல் விதைப்பதற்கு முன்பே போய்விட்டது.

மிஞ்சின நிலத்திலும் உடனே இறங்கிவிட முடியாது. பிய்ந்த கூரைத் தகடு, கண்ணாடிச் சில்லு, முள்கம்பி, எண்ண முடியாத ஆணிகள் எல்லாம் மண்ணுக்குள் குத்தி நிற்கும். கைகோத்த மாதிரி வரிசையாக நடந்து பொறுக்கித்தான் எடுக்க வேண்டும். தவறவிட்ட ஓர் ஆணி மாட்டின் வயிற்றுக்குள் போனால் அதுவும் சாகும். வேலி விழுந்துவிட்டதால் பிழைத்த கால்நடையும் வழி தெரியாமல் திரியும். டொர்னேடோ கடந்த எந்த விவசாயப் பகுதியிலும் இன்றுவரை இதே வேலைதான் நடக்கிறது. ஊரில் இடிந்தது செய்தியாகிறது, வயலில் ஆணி பொறுக்குவது ஆவதில்லை.

பக்கத்து வீடு அப்படியே இருக்கு, இந்த வீட்டை மட்டும் காணோம்னு சொல்றாங்களே, எப்படி?

இரண்டு காரணம். ஒன்று, பெரிய டொர்னேடோவுக்குள் சின்னச் சின்னச் சுழல்கள் உண்டு. ராட்டினம் சுற்றும்போது அதில் தொங்கும் தொட்டிகளும் தனியாகச் சுழல்வது போல, அவை மையத்தைச் சுற்றியபடியே தாங்களும் சுழலும். அப்படி ஒரு சின்னச் சுழல் ஏறிய இடத்தில் சேதம் பலமடங்கு இருக்கும், அதற்குச் சில பத்து மீட்டர் தள்ளி குறைவாக இருக்கும். டொர்னேடோ தாண்டிக் குதித்துப் போனது என்று சொல்வதில் பாதி இந்தக் கதைதான்.

இரண்டாவது, கட்டுமானம். அடித்தளத்தோடு முடுக்காமல் கல்லின்மேல் சும்மா உட்கார்த்திய மரவீடு அப்படியே நகர்ந்துவிடும். பிணைப்பு ஒழுங்காக இருந்த வீடு அதே காற்றில் கூரையை மட்டும் இழந்து நிற்கும்.

ஆறோ மலையோ குறுக்கே இருந்தா டொர்னேடோ தாண்டாதாமே?

இதற்கு இந்த ஒரு பாதையே பதில். தொடங்கியதே ஓசார்க் மலைப்பகுதியில். மிசிசிப்பியைத் தாண்டியது, வபாஷையும் தாண்டியது. ஆற்றின் அக்கரையில் இருந்தும் கோரம் ஊர் பிழைக்கவில்லை. ஆற்றங்கரை ஊர் பத்திரம், பள்ளத்தாக்கு பத்திரம் என்ற நம்பிக்கை அமெரிக்கக் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. அதை நம்பி உட்கார்ந்திருப்பது ஆபத்து.

மத்த டொர்னேடோ எல்லாம் பத்து நிமிஷத்துல முடியுது. இது மட்டும் எப்படி மூன்றரை மணி நேரம்?

டொர்னேடோ உயிரோடு இருக்க, அதன் தாய்மேகத்துக்குச் சூடான ஈரக்காற்று விடாமல் கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வழக்கமாக அந்த மேகம் நகர்ந்து குளிர்ந்த காற்றுக்குள் மாட்டிக்கொள்ளும், அல்லது அதன் மழையே கீழ்க்காற்றைக் குளிரவைத்துவிடும். அத்தோடு கதை முடிந்தது.

அன்று ஒரு வலுவான தாழ்வழுத்த மையம் வடகிழக்காக வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. வெப்பக்காற்று முகப்பும் வறண்ட காற்றின் எல்லையும் சந்திக்கும் இடத்தை ஒட்டி, அந்த மையத்தின் வேகத்திலேயே, அதே திசையில் இந்த இடிமேகமும் போனது. சாதகமான இடத்தை விட்டு அது விலகவே இல்லை. அதனால்தான் வரைபடத்தில் பார்த்தால் பாதை பெரும்பகுதி கோடு போட்ட மாதிரி நேராக இருக்கும். பிரின்ஸ்டனை ஒட்டித்தான் கொஞ்சம் இடதுபக்கம் திரும்புகிறது.

உண்மையிலேயே ஒரே டொர்னேடோதானா? வரிசையா நாலஞ்சு வந்திருக்கலாமே?

நியாயமான சந்தேகம், வானிலை ஆய்வாளர்களும் பல வருடம் இதையே கேட்டார்கள். ஒரு டொர்னேடோ அடங்கி, அதே மேகத்திலிருந்து இன்னொன்று இறங்குவது சகஜம். தரையில் சேதமில்லாத இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும். 1925-ல் யாரும் அப்படி வயல் வயலாக நடந்து அளக்கவில்லை.

பிற்பாடு ஒரு குழு பழைய பத்திரிகைகள், ஆவணங்கள், அன்று சிறு பிள்ளைகளாக இருந்து பிழைத்த முதியவர்களின் வாய்மொழி எல்லாவற்றையும் திரட்டி, 2,000-க்கும் மேற்பட்ட சேத இடங்களை வரைபடத்தில் குறித்தது. 2013-ல் வெளியான அதன் முடிவு இது: நடுவில் 243 கிலோமீட்டர் விட்டுப்போகாத ஒரே பாதை என்பதற்கு வாய்ப்பு மிக அதிகம், 280 கிலோமீட்டர் வரை ஒன்றே என்பதற்கும் வாய்ப்பு அதிகம். முழு 352-ம் ஒன்றுதானா என்பதற்கு, தொடக்கத்தில் காட்டுப்பகுதியாக இருந்ததால், சான்று அவ்வளவு அடர்த்தியாக இல்லை. பண்ணைக் குடும்பங்கள் எந்தக் களஞ்சியம் விழுந்தது, எந்தப் பெரிய ஓக் மரம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று நினைவில் வைத்திருந்ததால்தான் இந்த அளவுக்காவது தெரிகிறது.

எஃப்5-னு போடறாங்களே, அப்போ கருவியே கிடையாதே, யார் அளந்தா?

காற்றை யாரும் அளக்கவில்லை. சேதத்தைப் பார்த்துப் பின்னாளில் போட்ட தரம் அது. தெட்சுயா ஃபுஜிட்டா 1971-ல் கொண்டுவந்த அளவுகோலில் 0 முதல் 5 வரை. 2007 முதல் அதன் திருத்திய வடிவம் ஈஎஃப் என்ற பெயரில் வழக்கில் இருக்கிறது. வீடு, பள்ளி, மின்கம்பம், மரம் என்று 28 வகைப் பொருட்கள், ஒவ்வொன்றும் எவ்வளவு சிதைந்தால் காற்று எவ்வளவு என்று பட்டியல். அதில் முதல் எண்ணே சிறு களஞ்சியமும் பண்ணைக் கொட்டகையும்தான். 1925-லிருந்து கருவிப் பதிவாக நமக்கு மிஞ்சியதில் முக்கியமானது வெஸ்ட் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு நிலக்கரி நிறுவனத்தில் இருந்த காற்றழுத்தமானியின் கோடு. சுமார் 978 மில்லிபார் வரை சட்டென்று இறங்கியிருக்கிறது.

இந்த முறையில் கிராமத்துக்கு ஓர் அநியாயம் இருக்கிறது. இடிப்பதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் எவ்வளவு பயங்கரமான காற்று அடித்தாலும் தரம் குறைவாகத்தான் வரும். 2013 மே 31-ல் ஓக்லஹோமாவின் எல் ரெனோ பக்கம் 4.2 கிலோமீட்டர் அகல டொர்னேடோ வந்தது. நடமாடும் ராடாரில் உச்ச வகைக் காற்று பதிவானது. ஆனால் வயல்வெளியில் அதற்கேற்ற சேதம் இல்லாததால் ஈஎஃப்3 என்றே நின்றது. மாறாக, 2025 ஜூனில் வடக்கு டகோட்டாவின் எண்டர்லின் அருகே பண்ணைப்பகுதியில் வந்த ஒன்று, ரயில் வேகன்களைத் தூக்கி எறிந்ததால், கணக்குப் போட்டு ஈஎஃப்5 என்று உயர்த்தப்பட்டது. ரயில் அந்த நேரம் அங்கே இருந்திருக்காவிட்டால் அந்தத் தரம் கிடைத்திருக்காது.

மறுபடி அதே மாதிரி வந்தா அத்தனை பேர் சாவாங்களா?

2021 டிசம்பர் 10 இரவு ஏறக்குறைய அப்படி ஒன்று வந்தது. டென்னசியில் தொடங்கி, மேற்குக் கென்டக்கியின் மேஃபீல்ட் ஊரையும் வழியிலிருந்த பண்ணைகளையும் சிதைத்துக்கொண்டு சுமார் 266 கிலோமீட்டர் போனது. ஏறத்தாழ மூன்று மணி நேரம், அதுவும் இருட்டில். இறந்தவர்கள் 57 பேர். 57-ம் சின்ன எண் இல்லை. ஆனால் 695-க்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கு எச்சரிக்கைக்குத்தான் சேரும். ராடாரில் சுழல் தெரிந்தது, ஊர் ஊராகப் பெயர் சொல்லி அறிவித்தார்கள்.

இந்தியாவுல, நம்ம பக்கத்துல எல்லாம் வராதுல்ல?

தமிழ்நாட்டில் இவ்வளவு பலமானது வர வாய்ப்பு மிகக் குறைவு. கிழக்கு இந்தியாவிலும் வங்கதேசத்திலும் உண்டு, கோடை தொடக்கத்தில். உலகிலேயே அதிக உயிர் குடித்த டொர்னேடோ அமெரிக்காவில் இல்லை. 1989 ஏப்ரல் 26-ல் வங்கதேசத்தின் தௌலத்பூர், சாட்டூரியா பகுதியில் வந்ததில் சுமார் 1,300 பேர் இறந்தார்கள். அதுவும் முழுக்க விவசாயக் கிராமங்கள். நிலவறை கிடையாது, தகரக் கூரை, நெருக்கமான மக்கள்தொகை. பறந்துவந்த தகரமே கத்தியானது.

ஜன்னலை எல்லாம் திறந்து வெச்சா வீடு வெடிக்காதுன்னு கேள்விப்பட்டேன், சரியா?

தவறு. அழுத்த வித்தியாசத்தால் வீடு வெடிப்பதில்லை, காற்று உள்ளே புகுந்து கூரையை மேலே தூக்குவதால்தான் வீடு குலைகிறது. ஜன்னலைத் திறப்பது காற்றுக்கு வழி விடுவதுதான். திறக்கப் போன நேரத்தில் ஒளிந்துகொண்டிருக்கலாம்.

என் பையன் இல்லினாய்ல படிக்கிறான். சைரன் அடிச்சா அவன் என்ன செய்யணும்?

முதலில் இரண்டு அறிவிப்புகளைப் பிரித்துத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். டொர்னேடோ வாட்ச் என்றால் சூழ்நிலை சாதகமாக இருக்கிறது, கவனமாக இரு என்று பொருள். டொர்னேடோ வார்னிங் என்றால் ராடாரில் சுழல் தெரிந்துவிட்டது அல்லது யாரோ கண்ணால் பார்த்துவிட்டார்கள், உடனே பதுங்கு என்று பொருள். கிடைக்கும் அவகாசம் சராசரியாகப் பத்து நிமிடத்தை ஒட்டித்தான் இருக்கும், அதனால் வார்னிங் வந்தபின் மாடியில் நின்று வீடியோ எடுக்கக் கூடாது. நிலவறை இருந்தால் அங்கே போக வேண்டும். இல்லாவிட்டால் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத உள் அறை, குளியலறை அல்லது படிக்கட்டின் அடி. தலையை மெத்தையாலோ ஹெல்மெட்டாலோ மூடிக்கொள்ள வேண்டும். சாலைப் பாலத்தின் அடியில் ஒதுங்கவே கூடாது, அங்கே காற்று இன்னும் சீறும்.

சைரனை மட்டும் நம்ப வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அது வெளியே இருப்பவர்களுக்காக வைத்தது, ஏசி ஓடும் அறைக்குள் தூங்குகிறவனுக்குக் கேட்காமல் போகலாம். போனில் அவசர எச்சரிக்கைகளை இரவிலும் அணைக்காமல் வைத்திருக்க வேண்டும். ஊருக்கு வெளியே, பண்ணைப் பக்கம் வீடு எடுத்திருந்தால் சைரன் சத்தம் எட்டாமலும் போகலாம், செல்போன் சிக்னலும் பலவீனமாக இருக்கும். அங்கே வானிலை எச்சரிக்கைக்கென்றே விற்கும் பேட்டரி ரேடியோ ஒன்றை வாங்கிப் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.